கண்ணுக்குத் தெரியாத நண்பனைக் கண்டவர்

காலரா, சீதபேதி, பிளேக் முதலிய கொடிய நோய்களைப் பாக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன என்று நாம் அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். மனிதனை வீழ்த்தும் அப்பாக்டீரியாவையே வீழ்த்தும் பகை ஒன்று உண்டு. அது பாக்டீரியாவைவிடப் பன்மடங்கு சிறியது. வகுப்பறையில் நாம் பயன்படுத்தும் நுண்ணோக்கியாலும் காண இயலாதது. பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் அவ்வகை வைரஸுக்குப் பாக்டீரியோஃபேஜ் என்று பெயர். பாக்டீரியாவை உண்பது என்பது அச்சொல்லின் பொருள். சுருக்கமாக அதனைப் பேஜ் என்பர். அதற்கு அப்பெயரைச் சூட்டி, அதனை மருந்தாக்கவும் முயன்றவர் ஃபெலிக்ஸ் டெரெல்.

டெரெல் 1873ஆம் ஆண்டு பிறந்தார். அவர் மருத்துவக் கல்லூரியில் முறையாகப் பயின்று பட்டம் பெற்றவர் அல்லர். நூல்களைத் தாமே கற்றும், கனடாவில் தம் வீட்டிலேயே ஆய்வகம் அமைத்துச் சோதனைகள் செய்தும் நுண்ணுயிரியலில் தேர்ச்சி பெற்றார். பிழைப்புக்காகவும் ஆய்வுக்காகவும் நாடுவிட்டு நாடு சென்றார். மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலாவில் பாக்டீரியா ஆய்வாளராகப் பணியாற்றிய பின்னர் மெக்சிகோவை அடைந்தார்.

1910ஆம் ஆண்டில் மெக்சிகோவின் வயல்களை வெட்டுக்கிளிக் கூட்டங்கள் அழித்தன. அவ்வெட்டுக்கிளிகளுள் சில நோயுற்று மடிவதை டெரெல் கண்டார். அவற்றின் குடலிலிருந்து ஒருவகைப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துத் தட்டுகளில் வளர்த்தார். பாக்டீரியாக்கள் அடர்ந்து படர்ந்திருந்த பரப்பின் நடுவே, ஆங்காங்கே தெளிந்த வட்டப் புள்ளிகள் தோன்றின. அவ்விடங்களில் ஒரு பாக்டீரியாவும் இல்லை. காரணம் அப்போது அவருக்கு விளங்கவில்லை. ஆயினும் தாம் கண்டதை அவர் மறக்கவில்லை.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில், பாரிஸ் நகருக்கு அருகில் தங்கியிருந்த போர்வீரர்களிடையே சீதபேதி பரவியது. பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டெரெல் அதனை ஆராய முற்பட்டார். நோயாளி ஒருவரின் கழிவை நாள்தோறும் பெற்று, பாக்டீரியாக்கள் புக முடியாத நுண்துளைப் பீங்கான் வடிகட்டியால் வடித்தார். வடிநீரைச் சீதபேதிப் பாக்டீரியாக்கள் நிறைந்த கலங்கலான நீர்மத்தில் கலந்து வைத்தார். சில நாள்கள் மாற்றம் ஏதும் நிகழவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தபோது, அந்நீர்மம் முற்றிலும் தெளிந்திருந்தது; பாக்டீரியாக்கள் கரைந்து மறைந்திருந்தன. உடனே மருத்துவமனைக்கு விரைந்தார். அந்நோயாளியும் அன்றிரவே நலமடையத் தொடங்கியிருந்தார். குழாயில் நிகழ்ந்ததே நோயாளியின் குடலிலும் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று டெரெல் கருதினார்.

தம் கண்டுபிடிப்பை அவர் 1917ஆம் ஆண்டு வெளியிட்டார். இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரடெரிக் டுவார்ட் என்பவரும் 1915ஆம் ஆண்டிலேயே இத்தகைய நிகழ்வைப் பதிவு செய்திருந்தார். எனவே, இவ்விருவரும் பேஜைத் தனித்தனியே கண்டவர்கள் என்று இன்று போற்றப்படுகின்றனர்.

ஆய்வகத்தில் கண்டது மனிதருக்குப் பயன்படுமா? தீங்கு விளைத்தால் என் செய்வது? 1919ஆம் ஆண்டு பாரிஸில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில், கடுமையான சீதபேதியால் 12 வயதுச் சிறுவன் ஒருவன் துன்புற்றுக் கொண்டிருந்தான். அவனுக்குப் பேஜ் மருந்தைக் கொடுப்பதற்கு முன், டெரெலும் தலைமை மருத்துவரும் பயிற்சி மருத்துவர்களும் அதனைத் தாங்களே அருந்தினர். தங்களுக்கு எத்தீங்கும் நேரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே சிறுவனுக்குக் கொடுத்தனர். அவன் விரைவில் குணமடைந்தான்.

எகிப்தில் பணியாற்றியபோது, 1925ஆம் ஆண்டு, சூயஸ் கால்வாய் வழியாகச் சென்ற கப்பலில் பிளேக் நோயுற்றிருந்த நால்வருக்கு டெரெல் மருத்துவம் செய்தார். அவர்களுடைய நெறிக்கட்டிகளில் பேஜ் மருந்தை ஊசிவழிச் செலுத்தினார். நால்வரும் பிழைத்தனர்.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹேங்கின் என்பவர், கங்கை, யமுனை ஆற்றுநீர் காலராக் கிருமிகளை அழிப்பதையும், அந்நீரைக் கொதிக்க வைத்தால் அவ்வாற்றல் நீங்குவதையும் 1896ஆம் ஆண்டு எழுதினார். அதற்குப் பேஜ்களே காரணமாக இருந்திருக்கலாம் என்று பிற்கால அறிஞர் பலர் கருதினர். 1927ஆம் ஆண்டு டெரெலும் இந்தியாவுக்கு வந்தார். பஞ்சாப் கிராமங்களில் காலரா நோயாளிகளுக்குப் பேஜ் மருந்து கொடுத்து ஆராய்ந்தார். அவர் சென்ற பின்னர் அசாமில் அவ்வாய்வு சில ஆண்டுகள் தொடர்ந்தது.

டெரெலின் வழியில் இடையூறுகளும் பல இருந்தன. பேஜ் என்பது உயிர்ப்பொருள் அன்று, பாக்டீரியாவிலேயே தோன்றும் ஒருவகை வேதிப்பொருள் என்று நோபல் பரிசு பெற்ற ஜூல் போர்டே முதலிய அறிஞர்கள் வாதிட்டனர். பேஜ் மருத்துவம் எல்லா இடங்களிலும் ஒரே வகையான பயனைத் தரவும் இல்லை. ஒவ்வொரு பேஜும் தனக்குரிய பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். ஒரு பூட்டுக்கு உரிய திறவுகோல் மற்றொரு பூட்டைத் திறவாதது போன்றது அது. இதனை உணராமல் தயாரித்த மருந்துகள் பயனற்றுப் போயின.

சோவியத் ஒன்றியத்தின் ஜார்ஜியாவில் உள்ள திபிலிசி நகரில், டெரெலின் நண்பர் ஜார்ஜ் எலியாவா ஓர் ஆய்வு நிறுவனத்தை நடத்தி வந்தார். 1930களில் டெரெல் அங்குச் சென்று அவருடன் பணியாற்றினார். 1937ஆம் ஆண்டு ஸ்டாலின் ஆட்சியில் எலியாவா கொல்லப்பட்டார். டெரெல் மீண்டும் அந்நாட்டுக்குச் செல்லவில்லை. அந்நிறுவனம் மட்டும் அழியவில்லை. அது இன்றும் எலியாவாவின் பெயரைத் தாங்கிப் பேஜ் மருத்துவத்தைத் தொடர்கிறது.

1940ஆம் ஆண்டையொட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியாகப் பேஜ்களின் உருவம் முதன்முதலாகக் காணப்பட்டது. டெரெல் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த நுண்பொருள் உண்மையிலேயே இருப்பது தெளிவாயிற்று. ஆனால், அக்காலத்தில் பெனிசிலின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பரவியமையால், மேலை நாடுகள் பேஜ் மருத்துவத்தைக் கைவிட்டன. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அதனைப் பெறாத டெரெல், 1949ஆம் ஆண்டு பாரிஸில் காலமானார்.

அவர் கண்ட பேஜ் பின்னர் மரபியலுக்கும் வழிகாட்டியது. பேஜ் தன் மரபுப்பொருளைப் பாக்டீரியாவினுள் செலுத்தி, அதனுள்ளேயே பெருகி, இறுதியில் அதனை வெடிக்கச் செய்து வெளிவருகிறது. 1952ஆம் ஆண்டு ஆல்ஃபிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் பேஜைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். பாக்டீரியாவினுள் நுழைந்து புதிய பேஜ்களை உருவாக்கக் காரணமாவது புரதம் அன்று, டி.என்.ஏ.வே என்று அதன்வழிக் காட்டினர். பேஜ் ஆய்வுகளுக்காக ஹெர்ஷி, டெல்புரூக், லூரியா ஆகிய மூவர் 1969ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

இன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் பெருகி வருகின்றன. மருந்துகளை அளவின்றியும் முறையின்றியும் பயன்படுத்துவது அதற்கு ஒரு பெருங்காரணம். அதனால் மருத்துவர்கள் பேஜ்களை மீண்டும் நாடுகின்றனர். தட்டில் தோன்றிய ஒரு சிறு தெளிந்த புள்ளியை மற்றவர்கள் பிழையென்று ஒதுக்கியிருக்கலாம். டெரெல் அதனை ஒதுக்காமல் ஏன் என்று கேட்டார். அக்கேள்வியின் பயனை இன்றும் உலகம் பெற்று வருகிறது.

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. பாக்டீரியோஃபேஜ் என்னும் சொல்லின் பொருள் யாது?
2. வடிநீர் கலந்த நீர்மம் தெளிந்ததிலிருந்து டெரெல் எம்முடிவுக்கு வந்தார்?
3. மருத்துவர்கள் மருந்தைத் தாங்களே முதலில் அருந்தியது ஏன்? அச்செயல் பற்றி உமது கருத்தை எழுதுக.
4. ஒரே பேஜ் எல்லா நோய்களுக்கும் மருந்தாகாதது ஏன்?

ஆ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.
கலங்கல், இடையூறு, நாள்தோறும், உறுதி

இ. கலந்துரையாடுக.
மருத்துவர் கூறிய நாள்வரை மருந்தை முறையாக உட்கொள்வது ஏன் இன்றியமையாதது?