எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா (மே 11, 1930 – ஆகஸ்ட் 6, 2002) நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். நிரல்களில் பெருகும் சிக்கலை மனித அறிவுக்கு எட்டும் அளவில் வைத்திருப்பதே நிரலாக்கத்தின் முதன்மைப் பணி எனக் கருதியவர். 1972ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார்.

வாழ்க்கை

இவர் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை வேதியியலாளர், தாய் கணிதம் கற்றவர். லைடன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் கோட்பாட்டு இயற்பியலும் பயின்றார். 1952இல் ஆம்ஸ்டர்டாமில் உள்ள கணித மையத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். 1957இல் இவரது திருமணப் பதிவின்போது, நிரலாளர் என்பதை ஒரு தொழிலாக அலுவலர்கள் ஏற்கவில்லை. எனவே கோட்பாட்டு இயற்பியலாளர் என்றே பதிய நேர்ந்தது. இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழியைக் காணும் இவரது படிமுறைத் தீர்வு 1959இல் வெளியானது. 1962இல் ஐன்டோவனில் பேராசிரியரானார். 1984 முதல் 1999 வரை அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் (ஆஸ்டின்) பணியாற்றினார்.

நிரற்சிக்கலைக் குறைத்தல்

1960களில் கணினிகளின் திறன் வளர, நிரல்களும் பெரிதாயின. அவற்றிலுள்ள வழுக்களும் பெருகின. நிரலின் ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்திற்குத் தாவச் செய்யும் 'கோ டு' கட்டளையே குழப்பத்திற்கு முக்கியக் காரணம் என 1968இல் டைக்ஸ்ட்ரா எழுதினார். தாவல்கள் மிகும்போது, நிரல் ஓரிடத்தை எவ்வழியே வந்தடைந்தது என்பதைப் படிப்பவரால் அறிய இயலாது. இதற்கு மாற்றாக வரிசை, தெரிவு, மடக்கு ஆகிய மூன்று அமைப்புகளைக் கொண்டு எழுதும் முறை கட்டமைப்பு நிரலாக்கம் எனப்பட்டது. இக்கருத்து கடும் விவாதத்தை எழுப்பியது. சில இடங்களில் 'கோ டு' பயனுள்ளதே என டொனால்ட் குனூத் 1974இல் விளக்கினார்.

ஐன்டோவனில் இவரது குழு உருவாக்கிய இயங்குதளம் அடுக்கு முறையில் அமைந்தது. ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ளவற்றை மட்டுமே சார்ந்திருந்தது. அதனால் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே சோதிக்க முடிந்தது.

அளவிடுதல்

1976இல் தாமஸ் மெக்கேப் நிரற்சிக்கலை எண்ணால் அளக்கும் முறையை வெளியிட்டார். எளிய இருவழித் தெரிவுகளைக் கொண்ட ஒரு நிரற்பகுதியில், அவற்றின் எண்ணிக்கையுடன் 1 கூட்டினால் இவ்வளவு கிடைக்கும். காட்டாக, 4 தெரிவுகள் இருப்பின் அளவு 5 ஆகும். நிரல் எந்த அளவுக்குக் கட்டமைப்பிலிருந்து விலகியுள்ளது என்பதற்கும் அவர் ஓர் அளவை தந்தார். முற்றிலும் கட்டமைப்பு முறையில் எழுதப்பட்ட நிரலுக்கு அது 1 ஆகும். நிரல் வரிகளின் எண்ணிக்கையை உழைப்பின் விளைவாகக் கணக்கிடுவதை டைக்ஸ்ட்ரா ஏற்கவில்லை; அவற்றைச் செலவாகவே கருதவேண்டும் என்றார்.

மறைவு

புற்றுநோயால் பாதிக்கப்பட்ட இவர், 2002இல் நெதர்லாந்தின் நூனென் ஊரில் காலமானார். பரவல் கணிமைத் துறையில் வழங்கப்படும் விருதொன்றுக்கு 2003இல் இவரது பெயர் சூட்டப்பட்டது.