துடைப்பம் என்று கேலி செய்யப்பட்ட அன்னம்

நம்ம வகுப்பில் இப்போ பாதிப் பேர் செல்போனில் பார்த்துட்டு, பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு கால்விரல் நுனியில நிக்கப் பார்க்குறாங்க. போன வருஷம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு மாவட்டப் போட்டிக்குப் போனப்போ, மேடைக்குப் பின்னாடி இப்படி நின்னு பார்த்த ஒரு அக்காவுக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. அவங்க அன்னைக்கு ஆடவே இல்லை. அதனால்தான் இந்த முறை அன்னா பாவ்லோவாவைப் பற்றி எழுதுகிறேன்.

அன்னா 1881இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார். அம்மா துணி வெளுக்கும் வேலை செய்தவர். அவர் மகளை 'உறங்கும் அழகி' என்ற பாலே நடனம் பார்க்கக் கூட்டிப் போனார். அன்றிலிருந்து ஒரே பிடிவாதம், ஆடணும்னா ஆடணும்! வயது பத்தவில்லை என்று அரசு நடனப் பள்ளியில் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1891இல்தான் இடம் கிடைத்தது.

நாம் பரதத்தில் குதித்து மெட்டு அடவு போடும்போது முன்பாதத்தில் எழும்பி, குதிகாலைத் தட்டுவோம் இல்லையா? பாலேவில் அதுக்கும் மேலே போய் விரல் நுனியிலேயே நிற்கணும். உடம்பு எடை முழுக்க அங்கேதான் இறங்கும். அன்னாவுக்கோ ஒல்லி உடம்பு, மெலிந்த கணுக்கால், பாதத்தில் அளவுக்கு மீறிய வளைவு. கூடப் படித்தவர்கள் துடைப்பம் என்று கேலி செய்தார்கள். (என்னை ஒட்டடைக்குச்சி என்பவர்கள் இதைக் கவனிக்கவும்!) கட்டுமஸ்தான இத்தாலி நாட்டு நடனக்காரிகள் சுற்றிச் சுற்றி ஆடி கைத்தட்டல் வாங்கிய காலம் அது. அன்னாவும் அப்படியே ஆடப் பார்த்தார். ஆசிரியர் கெர்ட் தடுத்துவிட்டார். அந்த வித்தை உன் உடம்புக்கு ஆகாது, உன் மென்மைதான் உன் பலம் என்பது அவர் எண்ணம்.

பலம் எப்படி வந்தது? கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாகத் தூக்குவது, அதைவிட மெதுவாக இறக்குவது. முதலில் இரண்டு காலில், பிறகு ஒரு காலில். விரலை மடக்கக் கூடாது, கணுக்கால் உள்ளேயோ வெளியேயோ சாயக் கூடாது, வயிற்றை உள்ளிழுத்து உடம்பை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கணும். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கெண்டைக்கால் சதை நடுங்கும்! இப்படிச் சில வருஷம் பழகி, பெரும்பாலும் 11, 12 வயதுக்கு மேல்தான் நுனிக்கால் ஷூவே தருவார்கள். அதற்கு முன் வளரும் எலும்பு தாங்காது.

1899இல் பள்ளிப் படிப்பை முடித்தார். 1906இல் முதல்நிலை நடனமணி ஆனார். அதற்குப் பிறகும் செக்கெட்டி என்ற இத்தாலிய ஆசானிடம் தனியாகப் பாடம் கேட்டார். வாரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பயிற்சி வைத்திருந்த கண்டிப்பான வாத்தியார் அவர்.

வளைந்த பாதத்துக்குத் தாங்கலாக ஷூவுக்குள் கெட்டித் தோல் வைத்துக்கொண்டார் அன்னா. இது ஏமாற்று வேலை என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோணலை. பழகாத காலை எந்த ஷூவும் தூக்கி நிறுத்தாது. இன்று பாலே ஷூக்கள் கெட்டியாகத்தான் வருகின்றன.

ஃபோகின் அமைத்துக் கொடுத்த 'இறக்கும் அன்னம்' நடனம் நாலே நிமிஷம்கூட வராது. பெரிய தாவல் கிடையாது. நுனிக்காலில் சின்னச் சின்ன அடியாக மிதப்பதுதான். அதை வைத்தே உலகம் சுற்றினார். இந்தியாவுக்கும் வந்தார். 1928இல் பம்பாயில் அவர் ஆடியதைப் பார்த்த நம் ருக்மிணி தேவி, பிறகு ஆஸ்திரேலியா போன கப்பலில் அவரோடு பழகி, அவர் குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடுங்கள் என்று அன்னாதான் அவரைத் திருப்பிவிட்டார். 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது.

அதைப் பார்க்க அன்னா இல்லை. 1931 ஜனவரி 23 அன்று, ஐம்பது வயது நிறைய மூன்று வாரம் இருக்கும்போது, நெதர்லாந்தின் ஹேக் நகரில் நுரையீரல் உறை அழற்சியால் இறந்தார். லண்டனில் அவருக்காக அன்னத்தின் இசையை வாசித்தார்கள். திரை விலகியது. மேடையில் யாரும் இல்லை, விளக்கு வெளிச்சம் மட்டும் இருந்தது.

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, திண்டிவனம்