தண்ணீருக்குக் கடிவாளமிட்ட அல்ஜஸரீ

இன்றைய ஆலைகளில் இயந்திரங்கள் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ள வழிவகுக்கும் பொறியாளர்களின் முன்னோடியாக நாம் குறிப்பிடத் தக்கவர், பதீஉஸ் ஸமான் எனப் புகழப்பட்ட இஸ்மாயீல் இப்னு ரஸ்ஸாஸ் அல்ஜஸரீ ஆவார். இன்றைய துருக்கியிலுள்ள தியார்பக்ர் நகரில், அர்துகிய மன்னர்களான தந்தையிடமும் மைந்தர் இருவரிடமுமாக 25 ஆண்டுகள் பணியாற்றினார். மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூதின் கட்டளைப்படி, ஐம்பது கருவிகளை விளக்கும் தம் அரபு நூலை 1206 இல் (ஹிஜ்ரி 602) எழுதி முடித்தார்.

அவர் செய்த பெரும் நீர்க்கடிகாரத்தின் உயிர்நாடி ஒரு மிதவையாகும். தொட்டியில் நீர்மட்டம் தாழ்ந்தால் மிதவை இறங்கி நீர்வழியைத் திறக்கும்; உயர்ந்தால் அதன் கூம்பு முனை வழியை அடைத்துவிடும். மட்டம் மாறாதிருப்பதால் வெளியேறும் நீரும் ஒரே சீராக ஓடும். நம் ஹவுளுக்கு நீர் தரும் மேல்தொட்டியின் வால்வும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

எனினும் அவருக்கு நேர்ந்த சோதனை வேறு. அக்காலத்தில் பகற்பொழுதைப் பன்னிரு சம பங்குகளாக்கி மணி கணித்தனர். அவ்வூரில் கோடையின் ஒரு மணி சுமார் 74 நிமிடமாகவும், குளிர்காலத்தில் சுமார் 48 நிமிடமாகவும் அமையும். ஆகவே நீரின் வேகத்தை அன்றாடம் மாற்றியாக வேண்டும். ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்கிவந்த அரைவட்ட அமைப்பை அவர் பரிசோதித்தார், பிழை தெரிந்தது. பெயரின் பெருமைக்காக அதனை அவர் ஏற்கவில்லை. வேறு அமைப்பும் பிழைபடவே, நீர்வாயை ஒரு வட்டத்தில் சுழற்றி, ஒவ்வொரு நிலையிலும் ஓடும் நீரை அளந்து அளந்து தாமே குறியிட்டார். நம் கருத்தில், அவருடைய மயில்களையும் யானைக் கடிகாரத்தையும் விட இந்தப் பொறுமையே வியப்புக்குரியது.

பணியாள் தம் கைகளில் நீர் ஊற்றுவதை மன்னர் விரும்பாததால், ஒளூச் செய்யத் தானே நீர் வார்க்கும் கருவியை அமைத்துக் கொடுத்தார். இரத்தம் குத்தி எடுக்கும் சிகிச்சைக்கு அவர் செய்த தட்டிலோ, எடுத்த அளவை எழுத்தர் பொம்மையின் எழுதுகோல் திரும்பித் திர்ஹம் கணக்கில் காட்டும். மிகையானால் நோயாளியின் உயிருக்கே ஆபத்தன்றோ!

வால்வின் முனையையும் அதன் இருக்கையையும் குருந்தப் பொடியிட்டு நீர் கசியாதவரை தேய்த்துப் பொருத்தினார். பலகை முறுக்கிக் கொள்ளாதிருக்க அடுக்கடுக்காக ஒட்டினார். அளவுகளை ஒளிக்காமல் எழுதினார். அதனால்தான் டொனால்ட் ஹில் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1974 இல் அந்நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, வாசித்தோர் அக்கருவிகளை மீண்டும் செய்து பார்க்க இயன்றது.