லிங்கன் கேட்ட எட்டுக் கேள்விகள்

ஆபிரகாம் லிங்கனின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இல்லை. மரக்கட்டைக் குடிசையில் பிறந்தவர். அடிமைகளை விடுவித்தவர். நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது சுடப்பட்டு இறந்தவர். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் இளம் வக்கீலாக இருந்த காலத்தில் ஒரு ஜனாதிபதியையே எதிர்த்து நின்றார். நீங்கள் நடத்தும் யுத்தம் எந்த இடத்தில் தொடங்கியது, அந்த இடத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார். அப்படிக் கேட்டதற்காகப் பல வருஷங்கள் ஏச்சும் பேச்சும் வாங்கினார். இது பலருக்குத் தெரியாத கதை.

1847 டிசம்பர் மாதம் அது. லிங்கனுக்கு வயது 38. இல்லினாய் மாநிலத்திலிருந்து தேர்தலில் ஜெயித்து, மனைவி மேரியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தலைநகர் வாஷிங்டனுக்கு வந்திருந்தார். சபைக் கட்டிடத்துக்கு எதிரே ஒரு விதவை நடத்திய விடுதியில் குடும்பம் தங்கியது. ஆறடி நாலங்குல உயரம், பட்டிக்காட்டுப் பேச்சு. சபையில் அவரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஆற்றங்கரைத் தகராறு

அப்போது அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. காரணம், வேலித் தகராறு போன்ற ஓர் எல்லைத் தகராறு. டெக்சாஸ் என்ற பெரிய பிரதேசத்தை 1845-ல் அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டது. டெக்சாசின் எல்லை நூசஸ் ஆறு என்றது மெக்சிகோ. இல்லை, அதற்குத் தெற்கே உள்ள ரியோ கிராண்டி ஆறுதான் என்றது அமெரிக்கா. இரண்டு ஆறுகளும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே சுமார் 150 மைல் தூரம்.

ஜனாதிபதி போல்க் 1846-ல் டெய்லர் என்ற தளபதியைப் படையோடு ரியோ கிராண்டிக் கரைக்கு அனுப்பினார். மெக்சிகோ படை அக்கரையில் நின்றது. நெருப்பையும் பஞ்சையும் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? ஏப்ரல் 25-ந் தேதி மெக்சிகோ குதிரைப்படை ஆற்றைக் கடந்து வந்து ஓர் அமெரிக்க ரோந்துப் படையைத் தாக்கியது. பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள்.

அமெரிக்க அரசியல் சட்டப்படி யுத்தம் தொடுக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இல்லை. அது காங்கிரசுக்கு உரியது. (காங்கிரஸ் என்பது அங்கே கட்சி அல்ல, அந்த நாட்டுப் பார்லிமெண்டின் பெயர்.) காங்கிரஸ் தொடுத்த யுத்தத்தை நடத்துவதே தலைமைத் தளபதியான ஜனாதிபதியின் வேலை.

போல்க் கெட்டிக்காரர். அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்திவிட்டது, யுத்தம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று காங்கிரசுக்கு எழுதினார். 50,000 தொண்டர் படையும் ஒரு கோடி டாலரும் கேட்கும் மசோதாவின் முகவுரையிலேயே, யுத்தத்துக்கு மெக்சிகோதான் காரணம் என்ற வாசகமும் சேர்க்கப்பட்டது. எதிர்த்து ஓட்டுப் போட்டால், ஆபத்தில் இருக்கும் சிப்பாய்க்குச் சோறு மறுத்தவன் என்ற பழி வரும். சுமார் இரண்டே மணி நேரம் பேசி, பிரதிநிதிகள் சபை 174-க்கு 14 என்ற ஓட்டில் மசோதாவை நிறைவேற்றியது. எதிர்த்த 14 பேரில் முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் ஒருவர். லிங்கன் அப்போது சபையில் இல்லை.

எந்த இடம்?

லிங்கன் சபைக்கு வந்தபோது மெக்சிகோ தலைநகரமே அமெரிக்கப் படையின் கையில் இருந்தது. ஜெயித்த யுத்தத்தை யார் குறை சொல்வார்கள்? லிங்கன் சொன்னார். டிசம்பர் 22-ந் தேதி எட்டுக் கேள்விகள் அடங்கிய தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தார்.

அத்தனையும் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலின் கேள்விகள். ரத்தம் சிந்திய இடம் முன்பு மெக்சிகோவுக்குச் சொந்தமாக இருந்ததா, இல்லையா? அங்கே குடியிருந்தவர்கள் எப்போதாவது அமெரிக்காவுக்கு வரி கட்டினார்களா, தேர்தலில் ஓட்டுப் போட்டார்களா? அமெரிக்கப் படை வருவதைக் கண்டு, வீட்டையும் விளைந்த பயிரையும் விட்டு ஓடினார்களா? மாண்டவர்கள் ஊர் ஜனங்களா, ஜனாதிபதி அனுப்பிய ஆயுதம் தாங்கிய சிப்பாய்களா? அங்கே படை போக அவசியமில்லை என்று டெய்லரே தெரிவித்த பிறகு அனுப்பப்பட்டவர்களா?

போல்க் பதில் சொல்லவில்லை. சபையும் அந்தத் தீர்மானத்தை ஓட்டுக்கு விடவில்லை. ஆனால் 1848 ஜனவரி 3-ந் தேதி, இந்த யுத்தத்தை ஜனாதிபதி அவசியமில்லாமலும் அரசியல் சட்டத்துக்கு விரோதமாகவும் தொடங்கினார் என்ற கண்டனம் 85-க்கு 81 என்ற ஓட்டில் நிறைவேறியது. லிங்கனும் அதை ஆதரித்தார். அது வெறும் கண்டனம்தான். அதனால் ஒரு சிப்பாயும் ஊர் திரும்பவில்லை.

ஊரில் அவரோடு சேர்ந்து வக்கீல் தொழில் நடத்திய ஹெர்ண்டனுக்கே இது பிடிக்கவில்லை. நாட்டைக் காக்க ஜனாதிபதி அடுத்த நாட்டில் நுழைந்தால் என்ன தப்பு என்று கேட்டு எழுதினார். லிங்கன் பொறுமையாகப் பதில் எழுதினார். அவசியமா இல்லையா என்று முடிவு செய்வதையும் ஜனாதிபதியிடமே விட்டுவிட்டால், நாளைக்கே அவர் கனடாவுக்குள் படையை அனுப்புவார். அவரை யார் தடுப்பது? ராஜாக்கள் தங்கள் இஷ்டப்படி யுத்தம் செய்து ஜனங்களை ஏழைகளாக்கினார்கள். அதனால்தான் இந்த அதிகாரம் எந்தத் தனி மனிதன் கையிலும் இருக்கக் கூடாது என்று முன்னோர்கள் எழுதி வைத்தார்கள். கடிதத்தின் சாரம் இதுதான்.

இதற்கு 125 வருஷம் கழித்து, வியட்நாம் யுத்தத்தில் பட்ட பிறகு, 1973-ல் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. படையைச் சண்டைக்கு அனுப்பினால் 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். காங்கிரசின் சம்மதம் இல்லாவிட்டால் 60 நாளில் சண்டையை நிறுத்தி, படையைத் திரும்ப அழைக்க மேலும் 30 நாள் என்பது அதன் சாரம். ஜனாதிபதி நிக்ஸன் மறுத்தும் இரு சபைகளும் அதை நிறைவேற்றின. அவருக்குப் பின் வந்த ஜனாதிபதிகள் பலரும் அந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டியே வந்திருக்கிறார்கள்.

ஏச்சும் பேச்சும்

லிங்கனை எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் தேசத்துரோகி போலச் சித்திரித்தன. 'இடப் புள்ளி லிங்கன்' என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தன. அவர் மறுபடி தேர்தலுக்கு நிற்கவில்லை. அது கட்சிக்குள் முன்பே செய்துகொண்ட ஏற்பாடு. ஆனால் அவர் காலி செய்த தொகுதியில் அவருடைய கட்சி தோற்றது.

பத்து வருஷம் கழித்தும் அந்தப் பழி விடவில்லை. 1858-ல் செனட் தேர்தலுக்காக டக்ளஸோடு ஊர் ஊராக விவாதம் செய்தார். லிங்கன் சொந்த நாட்டுக்கு எதிராக நின்றவர் என்று டக்ளஸ் குத்திக் காட்டினார். சார்ல்ஸ்டன் என்ற ஊரில் லிங்கனுக்குப் பொறுக்கவில்லை. மேடையில் இருந்த பிக்லின் என்ற எதிர்க்கட்சிக்காரரைச் சட்டைக் காலரைப் பிடித்து முன்னே இழுத்து வந்துவிட்டார்! பழைய சபையில் இருவரும் உறுப்பினர்கள். சிப்பாய்களுக்குத் தேவையானதை வழங்கும் மசோதாக்களுக்கு லிங்கன் மறுக்காமல் ஓட்டுப் போட்டது பிக்லினுக்குத் தெரியும் அல்லவா? யுத்தம் தொடங்கியது தப்பு என்றவர், சிப்பாயைப் பட்டினி போடச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தேர்தலில் லிங்கன் தோற்றார்.

நாற்காலி மாறியபோது

1861-ல் அவரே ஜனாதிபதியானார். ஏப்ரலில் தென் மாநிலங்கள் சம்டர் கோட்டையைச் சுட்டன. காங்கிரஸ் அப்போது கூடியிருக்கவில்லை. லிங்கன் 75,000 வீரர்களைத் திரட்டினார். தென் மாநிலத் துறைமுகங்களைக் கப்பற்படையால் மறித்தார். விசாரணையின்றிச் சிறை வைக்கவும் உத்தரவிட்டார். எல்லாம் தம் சொந்தப் பொறுப்பில். காங்கிரஸ் கூட அவர் குறித்த நாள் ஜூலை 4. ஏறக்குறைய 80 நாட்கள் ஒரே மனிதர் யுத்தம் நடத்தினார்.

இது அந்நிய நாட்டின்மேல் படையெடுப்பு அல்ல, உள்நாட்டுக் கலகம் என்பது அவர் பக்கத்து நியாயம். போல்க்கைப் போல் அவர் வாய்மூடி இருக்கவும் இல்லை. காங்கிரஸ் கூடியதும், அவசியம் நேர்ந்ததால் இவற்றைச் செய்தேன், சம்மதம் தாருங்கள் என்று கேட்டார். படை திரட்டியதற்கு ஆகஸ்டில் காங்கிரஸ் சம்மதம் கொடுத்தது.

துறைமுகங்களை மறித்தது சட்டப்படி செல்லுமா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1863-ல் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் செல்லும் என்றார்கள். நான்கு பேர் செல்லாது என்றார்கள். லிங்கன் பக்கம் நின்ற ஐவரில் மூவர் அவரே நியமித்தவர்கள்.