தியோடர் எசரிக்

தியோடர் எசரிக் (29 நவம்பர் 1857 – 15 பெப்ரவரி 1911) ஜெர்மனியில் பிறந்து, பிற்காலத்தில் ஆஸ்திரியாவில் பணியாற்றிய குழந்தைநல மருத்துவரும் பாக்டீரியாவியல் ஆய்வாளரும் ஆவார். மனிதக் குடலில் வாழும் எசரிக்கியா கோலை (ஈ. கோலை) என்னும் பாக்டீரியாவை முதன்முதலில் விவரித்தவர் இவரே. இன்று பலரும் இவரை அந்த பாக்டீரியாவின் பெயர் வழியாகவே அறிவர். ஆயினும் இவருடைய ஆய்வின் மையக் கேள்வி குழந்தை ஊட்டம் பற்றியதாகும். கைக்குழந்தையின் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் அது உண்ணும் பாலுக்கும் செரிமானத்துக்கும் என்ன தொடர்பு என்பதை இவர் ஆராய்ந்தார்.

இளமையும் கல்வியும்

எசரிக் பவேரியாவின் அன்ஸ்பாக் நகரில் பிறந்தார். தந்தை பெர்டினான்ட் எசரிக் மருத்துவர். மருத்துவப் புள்ளியியலிலும் ஈடுபாடு கொண்டவர். எசரிக்கின் ஐந்தாம் வயதில் தாய் இறந்தார். பின்னர் குடும்பம் வூர்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. எசரிக் சில ஆண்டுகள் ஆஸ்திரியாவின் பெல்ட்கிர்க் நகரிலிருந்த இயேசு சபைப் பள்ளியில் தங்கிப் படித்தார். 1876இல் மருத்துவக் கல்வியைத் தொடங்கி ஸ்ட்ராஸ்பர்க், கீல், பெர்லின், வூர்ஸ்பர்க் ஆகிய நகரங்களில் பயின்றார். 1881இல் மருத்துவத் தேர்வில் தேறினார்.

பின்னர் வூர்ஸ்பர்க்கில் பேராசிரியர் கார்ல் கெர்ஹார்ட்டின் உதவியாளராகச் சேர்ந்தார். கெர்ஹார்ட்டின் தாக்கத்தால் குழந்தை மருத்துவத்தின்பால் ஈர்க்கப்பட்டார். 1884இல் பாரிசுக்கும் வியன்னாவுக்கும் சென்று பயிற்சி பெற்றார். அவ்வாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் காலரா பரவியபோது, ருடால்ப் எம்மரிக்குடன் அங்கு ஆய்வுக்கு அனுப்பப்பட்டார். குடல் நோயைப் பாக்டீரியாவியல் முறையில் ஆராயும் அனுபவத்தை இப்பயணம் அளித்தது.

ஆய்வின் பின்னணி

அக்காலத்தில் பவேரியாவில் குழந்தை இறப்பு மிக அதிகமாக இருந்தது. பிறந்த குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. பல பகுதிகளில் தாய்ப்பாலூட்டும் வழக்கம் குறைவாக இருந்தது. பசுவின் பாலும் மாவுக் கஞ்சியும் ஊட்டப்பட்டன. இக்குழந்தைகள் கோடைக்காலத்தில் வயிற்றுப்போக்கால் மெலிந்து இறப்பது வழக்கமாக இருந்தது. காசநோய், காலரா ஆகியவற்றின் கிருமிகளை ராபர்ட் கோக் அப்போதுதான் கண்டறிந்திருந்தார். ஆகவே வயிற்றுப்போக்குக்கும் ஒரு கிருமி காரணமாக இருக்கலாம் என மருத்துவர்கள் கருதினர். ஆனால் நலமான குழந்தையின் குடலில் எவை வாழ்கின்றன என்பது தெளிவாகத் தெரியாத நிலையில், நோயுற்ற குழந்தையின் மலத்தில் காணப்படும் பாக்டீரியா நோய்க்குக் காரணமா இல்லையா என்பதைக் கூற இயலவில்லை. எனவே எசரிக் நலமான குழந்தைகளிலிருந்து தம் ஆய்வைத் தொடங்கினார்.

குடல் பாக்டீரியா ஆய்வு

எசரிக் மியூனிக் நகரின் ஹவ்னர் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியபடியே இவ்வாய்வை மேற்கொண்டார். பாக்டீரியாவைத் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுக்கும் முறையைக் கோக்கின் மாணவரான வில்ஹெல்ம் புரொபேனியசிடம் கற்றார். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட நிறமேற்றும் முறையையும் உடனே கையாண்டார்.

பிறந்த குழந்தையின் கரும்பச்சை நிற முதல் மலத்தில் தொடக்கத்தில் பாக்டீரியா இல்லை என்பதையும், பிறந்து 3 முதல் 24 மணி நேரத்துக்குள் அவை குடலில் குடியேறுகின்றன என்பதையும் இவர் கண்டார். குழந்தை பால் அருந்தத் தொடங்கிய பின் இப்பாக்டீரியாக் கூட்டம் மாறுகிறது என்பதையும் குறிப்பிட்டார். அதாவது, குடலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை, உண்ணும் உணவைச் சார்ந்தது என்பது இவர் ஆய்விலேயே வெளிப்பட்டது.

14 ஜூலை 1885 அன்று மியூனிக்கில் நடந்த அறிவியல் கழகக் கூட்டத்தில் இம்முடிவுகளை எசரிக் அறிவித்தார். பாலூட்டப்படும் குழந்தைகளில் தவறாமல் காணப்பட்ட இரு பாக்டீரியாக்களை அப்போது விவரித்தார். ஒன்று பெருங்குடலில் மிகுந்திருந்தது. இதற்கு 'பாக்டீரியம் கோலை கம்யூன்' எனப் பெயரிட்டார். 'பெருங்குடலின் பொதுவான பாக்டீரியா' என்பது இதன் பொருள். மற்றொன்று சிறுகுடலின் மேற்பகுதியில் காணப்பட்ட 'பாக்டீரியம் லாக்டிஸ் ஏரோஜினஸ்'. 1886இல் கைக்குழந்தைகளின் குடல் பாக்டீரியாவையும் செரிமானத்துடன் அவற்றுக்குள்ள தொடர்பையும் பற்றிய நூலை வெளியிட்டார். குடலில் ஆக்சிசன் மிகக் குறைவாக உள்ள நிலையில், இப்பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை நொதிக்கச் செய்து வாழ இயலும் என அதில் விளக்கினார்.

இவர் முறைக்கு ஓர் எல்லை இருந்தது. ஆக்சிசன் பட்டால் வளராத பாக்டீரியாக்கள் இவருடைய வளர்ப்புத் தட்டுகளில் வளரவில்லை. எளிதில் வளரும் ஈ. கோலை முன்னின்றது. தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளின் குடலில் மிகுதியாக வாழும் பிபிடோபாக்டீரியாவைப் பின்னர் பாரிசில் ஹென்றி டிசியே பிரித்தெடுத்தார். எசரிக்கிடம் பணியாற்றிய எர்னஸ்ட் மோரோ 1900இல் லாக்டோபாசில்லஸ் அசிடோபிலஸ் பாக்டீரியாவை விவரித்தார்.

கிராசும் வியன்னாவும்

1890இல் எசரிக் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் குழந்தை மருத்துவப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்; 1894இல் முழுப் பேராசிரியரானார். இங்கு தொண்டை அடைப்பான் நோய் பற்றியும் டெட்டனி என்னும் தசை இசிப்பு நோய் பற்றியும் ஆராய்ந்தார். ஈ. கோலை சிறுமிகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சியை உண்டாக்கக்கூடும் என்பதை 1894இல் விவரித்தார். குடலில் தீங்கின்றி வாழும் பாக்டீரியா, இடம் மாறினால் நோய் தரலாம் என்பதற்கு இது சான்றாயிற்று.

1892இல் இயற்பியலாளர் லியோபோல்ட் பவுண்ட்லரின் மகள் மார்கரெட்டை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். மகன் சிறு வயதிலேயே குடல்வால் அழற்சியால் இறந்தான்.

1902இல் எசரிக் வியன்னாவின் புனித அன்னா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைவரானார். கிளெமன்ஸ் வான் பிர்கே, பேலா ஷிக் ஆகிய புகழ்பெற்ற மருத்துவர்கள் இங்கு இவரிடம் பணியாற்றினர். 1903இல் கைக்குழந்தைப் பாதுகாப்புக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்து, தாய்ப்பாலூட்டுதலை வலியுறுத்திப் பரப்புரை செய்தார். புதிய குழந்தை மருத்துவமனைக் கட்டிடத்துக்காகவும் உழைத்தார். அது திறக்கப்படும் முன்பே, 1911 பெப்ரவரி 15 அன்று, மூளையில் ஏற்பட்ட பக்கவாதத்தால் தமது 53ஆம் வயதில் இறந்தார்.

பெயரீடு

1919இல் ஆல்டோ காஸ்டெலானியும் ஆல்பர்ட் சால்மர்சும் இப்பாக்டீரியாப் பேரினத்துக்கு 'எசரிக்கியா' எனப் பெயரிட்டனர். இவ்விருவரும் முன்னர் இலங்கையில், கொழும்பில் பணியாற்றியவர்கள். இப்பெயர் 1958இல் அதிகாரப்பூர்வமாக நிலைபெற்றது. எசரிக் பிரித்தெடுத்ததாகக் கருதப்படும் வளர்ப்பு இங்கிலாந்தின் தேசிய வளர்ப்புச் சேகரிப்பில் காக்கப்பட்டு வருகிறது. அதன் முழு மரபணுத்தொகை 2017இல் வெளியிடப்பட்டது.

ஈ. கோலையின் பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை. எனினும் சில வகைகள் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குகின்றன. இதனை ஜான் பிரே 1945இல் லண்டனில் காட்டினார்.

ஊட்டச்சத்துக் குறைபாட்டு ஆய்வுகளில் தொடர்ச்சி

குடல் பாக்டீரியாவும் குழந்தையின் வளர்ச்சியும் பற்றிய எசரிக்கின் கேள்வி, மரபணு வரிசை அறியும் முறைகள் வந்தபின் மீண்டும் முதன்மை பெற்றது. அமெரிக்காவின் ஜெப்ரி கார்டன் குழுவினர் ஆப்பிரிக்க நாடான மலாவியில் 317 இரட்டைக் குழந்தை இணைகளைத் தொடர்ந்து கவனித்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே வீட்டில் வளர்ந்த இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு நேர்ந்த இணைகள் பல இருந்தன. அத்தகைய சில குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்களைக் கிருமியற்ற எலிகளுக்குச் செலுத்தி, மலாவி உணவையும் அளித்தபோது எலிகள் எடை இழந்தன.

வங்காளதேசத் தலைநகர் டாக்காவில் 2014இல் வெளியான ஆய்வு, ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் வயதுக்கேற்ற முதிர்ச்சி பெறாமல் இருப்பதைக் காட்டியது. வழக்கமான சத்துணவு அளித்த பின்னும் இக்குறை முழுமையாக நீங்கவில்லை. பின்னர் கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை ஆகியவற்றின் மாவும் வாழைக்காயும் சேர்த்த துணை உணவு ஒன்று உருவாக்கப்பட்டது. நலம் தரும் பாக்டீரியாவை வளர்ப்பதே இதன் நோக்கம். 12 முதல் 18 மாத வயதுக் குழந்தைகளிடம் மூன்று மாதங்கள் சோதித்து 2021இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, இவ்வுணவு வழக்கமான துணை உணவைவிடக் குறைந்த ஆற்றல் கொண்டிருந்தும் எடை வளர்ச்சியை அதிகரித்தது.

2022இல் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 4.5 கோடிக் குழந்தைகள் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தனர் என ஐக்கிய நாடுகள் அமைப்புகள் மதிப்பிட்டன.