கொடுமுடியில் கிளம்பிய குரல்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது பாலம், கான்கிரீட் என்று ஏதாவது எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். மன்னிக்கணும் நண்பர்களே, ஒரு பாடகியைப் பற்றி எழுதப் போகிறேன்.

நான் ஏற்காட்டுக்காரன். சேர்வராயன் கோயில் திருவிழா வந்தால், சில்வர் ஓக் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் விடியற்காலையில் கேட்பது கே.பி. சுந்தராம்பாள் குரல்தான். காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த என் ஆயா, பழம் பறிக்கும்போதும் அந்தப் பாட்டுகளைத்தான் முணுமுணுப்பார். அந்தப் பழக்கத்தில், எல்லோரும் எம்.பி.3க்கு மாறிவிட்ட பிறகும் நான் விடுதி அறையில் பழைய டேப் ரெக்கார்டரில் அவர் கேசட்டைப் போடுவேன். கிழவி பாட்டு போடுறான் என்று பசங்க ஓட்டுவார்கள். ஔவையார் வேஷத்தை மட்டுமே பார்த்திருந்த எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

சேலத்திலிருந்து ஈரோடு போய், கரூர்ப் பக்கம் திரும்பினால் காவிரிக் கரையில் வரும் ஊர் கொடுமுடி. அங்கே 1908-ல் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா பாலாம்பாள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை. சிறுமியான சுந்தராம்பாள் ரயிலில் பாடிக் காசு வாங்கினார். ரயில் சத்தத்துக்கு மேலே பாட்டு கேட்டால்தானே காசு விழும்? பிறகு வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே கிடைத்த முதல் வேஷம் நல்லதங்காளின் பிள்ளை. பசியில் அழுகிற அந்தக் காட்சியை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அந்தக் கால நாடக மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வார்த்தை தெளிவாய்ப் போய்ச் சேரணும். பொறியியல் படித்தவன் என்பதால் இது எனக்கு இன்னமும் ஆச்சரியம். உச்ச ஸ்தாயிக்குப் போனாலும் அந்தம்மாவுக்கு ஒரு எழுத்துகூட மழுங்காது.

1926-ல் நாடகம் நடிக்க இலங்கை போனபோது எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். செங்கோட்டைக்காரர், அன்றைக்குப் பெரிய நட்சத்திரம், ஏற்கெனவே மணமானவர். 1927-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. ஜோடியாக மேடையேறினால் கூட்டம் அலைமோதும். ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை, பிரிவும் வந்தது. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. படித்தால் மனசு கனத்துவிடும். 1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25.

இருபத்தைந்து! நம் வகுப்பில் பாதிப்பேர் அந்த வயதில் முதல் வேலையிலேயே நிலைத்திருக்கவில்லை. அவர் வெள்ளைச் சேலைக்கு மாறினார், ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். இதைக் கற்பு, தியாகம் என்று புகழ்ந்து எழுதுபவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் மனசு ஒப்புவதில்லை. என் ஆயாவும் வெள்ளைச் சேலைதான். அது அவராக எடுத்த முடிவா, ஊர் எடுத்த முடிவா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சுந்தராம்பாள் விஷயத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, அந்த நிபந்தனைக்குள்ளேயே அவர் தொழிலுக்குத் திரும்பி வந்ததுதான்.

வந்ததும் எப்படி! 1935-ல் வெளியான நந்தனார் படத்தில் நந்தனாராக ஆண் வேஷம். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். ரயிலில் காசு வாங்கிய கை அது. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். படம் ஓடவில்லை, கல்கி விமர்சனத்தில் கிழித்துத் தொங்கவிட்டார். 1940-ல் மணிமேகலை. காங்கிரஸ் மேடைகளிலும் ஓயாமல் பாடினார். 1951-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். திரைக்கலைஞர்கள் அரசியலுக்கு வருவதைப் பற்றி இன்றைக்கு இவ்வளவு பேசுகிறோமே, இந்தம்மாவை யாராவது நினைக்கிறோமா?

ஜெமினியின் ஔவையார் வந்த 1953-ல் அவருக்கு வயது 45 கூட ஆகவில்லை. விடுதி நண்பர்கள் கவனிக்க! அப்புறம் 1964-ல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகள், 1965-ல் திருவிளையாடலில் மறுபடி ஔவை. காரைக்கால் அம்மையாரிலும் நடித்தார்.

துணைவன் படத்தில் பாடியதற்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அறுபது வயதைத் தாண்டியும் அந்தக் குரலில் பிசிறு இல்லை. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் காலமானார்.

போன வருஷம் மலைக்குப் போயிருந்தபோது, விடுதியில் என்னை அதிகம் ஓட்டிய நண்பன் குடும்பத்தோடு வந்திருந்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு, பனிக்குள்ளிருந்து குழாய் ஸ்பீக்கர் ஆரம்பித்தது. டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவன், பாட்டு முடிகிற வரைக்கும் குடிக்கவே இல்லை.