ஸர் நைஜல் கிரெஸ்லி

நம் சங்கத்துக் குடும்பங்களிற் பலவற்றிற்கு இரயிலே சோறு போடும் தெய்வம். ஆதலின் நீராவி எஞ்சினை மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடச் செய்த பெரியார் ஒருவரின் வரலாறு இம்மலருக்கு ஏற்றதேயாகும்.

நைஜல் கிரெஸ்லி 1876-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் இங்கிலாந்தில் நெதர்சீல் என்னும் சிற்றூரின் பாதிரியார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிரெஸ்லி பல்கலைக்கழகம் புகவில்லை. குரூ நகர இரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். படிப்படியே உயர்ந்து 1911-இல் கிரேட் நார்தர்ன் இரயில்வேயின் எஞ்சின் துறைத் தலைவரானார். 1923-இல் கம்பெனிகள் இணைக்கப்பட்டபோது லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் இரயில்வேயின் தலைமை மெக்கானிகல் எஞ்சினியர் பதவி அவரை வந்தடைந்தது.

அவர் வடித்த பஸிபிக் வகை எஞ்சின்கள் அளவிற் பெரியவை, தோற்றத்தில் எழில் மிக்கவை. ஆயினும் 1925-இல் ஒரு சோதனை நேர்ந்தது. போட்டிக் கம்பெனியான கிரேட் வெஸ்டர்னின் சிறிய எஞ்சினொன்று இவருடைய பாதையிலேயே ஓடி, குறைந்த கரியில் அதே வேலையைச் செய்து காட்டிற்று. வேறொருவராயின் பாதையைக் குறை கூறியிருப்பார், அன்றிக் கரியைக் குறை கூறியிருப்பார். கிரெஸ்லியோ தம் எஞ்சின்களின் வால்வு அமைப்பைத் திருத்தவும், பாய்லரின் அழுத்தத்தை உயர்த்தவும் இசைந்தார். பிற்காலப் புகழுக்கெல்லாம் வித்து இத்தோல்வியே என்பது என் கருத்து.

1933-இல் ஜெர்மனியில் பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே டீசல் வண்டி விரைந்தோடத் தொடங்கிற்று. அத்தகைய வண்டியை வாங்கலாமா என்று கிரெஸ்லி ஆராய்ந்தார். லண்டனிலிருந்து நியூகாஸில் வரை அது ஓடக்கூடிய நேரத்தை ஜெர்மானியர் கணக்கிட்டுத் தந்தனர். நீராவியே அதனினும் விரைந்து ஓடும் என்று அவர் துணிந்தார். 1935 மார்ச்சில் அவருடைய எஞ்சினொன்று சோதனையில் 108 மைல் வேகத்தை எட்டியது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே, காற்றைக் கிழிக்கும் ஆப்பு வடிவ முகப்புடன் 'ஸில்வர் ஜூபிலி' வண்டி புறப்பட்டு, 268 மைல் தூரத்தை 4 மணி நேரத்திற் கடந்தது. நம் நாட்டில் ஓடிய டபிள்யூ.பி. எஞ்சினின் கூர்மூக்கைக் கண்ட மூத்தோர் அக்காட்சியை ஓரளவு கற்பனை செய்துகொள்ளலாம்.

1936-இல் அரசர் அவருக்கு ஸர் பட்டம் அளித்தார். அதே ஆண்டில் ஜெர்மானியரின் நீராவி எஞ்சின் 200.4 கிலோமீட்டர், அஃதாவது ஏறத்தாழ 124.5 மைல் வேகங்கண்டது.

1938 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. பிரேக் சோதனை என்ற பெயரில், கட்டி முடிந்து நான்கே மாதமான 'மல்லார்ட்' எஞ்சின், வேகத்தைப் பதியும் வண்டியோடு ஏழு பெட்டிகளை இழுத்துப் புறப்பட்டது. மல்லார்ட் என்பது ஒருவகைக் காட்டு வாத்து. தம் இல்லத்து அகழியில் வாத்துகள் வளர்த்த கிரெஸ்லி, தம் எஞ்சின்கள் பலவற்றிற்குப் பறவைப் பெயர்களே சூட்டினார். டிரைவர் டடிங்டன், பயர்மேன் பிரே. ஸ்டோக் மேட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கியதும் வேகம் ஏறிக்கொண்டே சென்றது. 6 அடி 8 அங்குல விட்டமுள்ள சக்கரங்கள் நிமிடத்திற்கு 500 முறைக்கு மேல் சுழன்றன.

ஆனால் நடு சிலிண்டரின் பேரிங் சூடேறிவிட்டது. வெளி சிலிண்டர்கள் இரண்டின் இயக்கத்திலிருந்தே நடு சிலிண்டரின் வால்வை நெம்புகோல்களால் இயக்குவது கிரெஸ்லியின் முறை. மூட்டுகள் தேயத் தேய, கடும் வேகத்தில் நடு சிலிண்டர்மேல் பளு மிகும். இக்குறையை அறிந்தே அப்பேரிங்கில் சோம்பு மணமுள்ள குப்பியொன்றை வைத்திருந்தனர். சூடேறின் மணம் வீசி எச்சரிக்கும். எஞ்சின் பீட்டர்பரோவில் நின்றுவிட, பழைய எஞ்சினொன்றே வண்டியை லண்டனுக்கு இழுத்துச் சென்றது.

கணக்கெழுதிப் பிழைப்பவனாதலின் அடுத்து நிகழ்ந்ததே என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. பதிவுத் தாளில் 126 என்னும் எண் கண்ணிமைப் பொழுதே தோன்றிற்று. கிரெஸ்லி அதனை ஏற்கவில்லை. 125 என்பதே அவர் ஒப்பிய எண். ஐயத்திற்கு இடமின்றி மீண்டும் ஓட்டிக் காட்ட 1939 செப்டம்பரில் ஏற்பாடு இருந்தது. அம்மாதமே உலகப்போர் மூண்டது.

1941 ஏப்ரல் 5-ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே, அவர் காலமானார். நெதர்சீலில் மனைவியாரின் அருகே அடக்கஞ் செய்யப்பட்டார். மல்லார்ட் எஞ்சின் யார்க் நகர இரயில்வே காட்சிசாலையில் உள்ளது. 1948-இல் அதன் பக்கத்திற் பொருத்திய தகட்டில் 126 என்றே பொறித்திருக்கிறார்கள்.